பேச்சியம்மாவின் வாசல்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுக் கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. எங்கள் குடியிருப்பின் பின்வாசலுக்குப் பூட்டுப் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி ஓட்டெடுக்கப் போகிறோம், வீட்டுக்கு ஒரு ஓட்டு, தவறாமல் வரவும் என்று எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். என் மனைவி முத்துமாரி பார்ப்பதற்குள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். "பூட்டு விசயந்தான? கீழ்வீட்டு மார்கரெட் அம்மா நேத்தே சொல்லிட்டாக" என்றாள்.

மெல்போர்னின் மேற்குப் பக்கத்தில், மூன்று மாடியும் பன்னிரண்டு வீடுகளும் உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. முன்படி தெருவுக்கு இறங்கும். பின்படி, கடைவீதிக்குப் பின்னாலிருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும். அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான், தாள் வருவதற்குப் பத்து நாள் முன்பு, சாயங்காலம் நாலரை மணிக்கு ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். நான் அச்சகத்தில் வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கியபோது நீலமும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தது. பின்வாசலில் நின்ற போலீஸ்காரர் முன்பக்கமாகப் போகச் சொன்னார். அன்றிலிருந்து எல்லோரும் முன்பக்கமாகத்தான் போகிறோம்.

மறுநாள் காலையில் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏலே, எல்லாரும் நல்லாருக்கீகளா? வீட்டை ஒட்டியே குத்திட்டானாமே?"

"ஆமாண்ணே, பின்னாடிதான். எங்களுக்கு ஒண்ணுமில்ல."

"ஆளப் பிடிச்சிட்டாகளா?"

"நேத்தே பிடிச்சிட்டாக. கோர்ட்டுல நிறுத்தியிருக்காக."

"கோர்ட்டுலயா?" என்று இழுத்தார் அண்ணன். "அங்கனயெல்லாம் என்கவுன்டர் கிடையாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கவிடாமல் முறத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். வழக்கமாக நான்தான் அவரைக் கூப்பிடுவேன், சாத்தூர்ப் பக்கம் வெடிவிபத்து என்று செய்தி பார்த்ததும், நம்மாள் யாராவது உண்டா என்று கேட்க. "அது அச்சங்குளத்துப் பக்கம்லே, நமக்கு ஒண்ணுமில்ல" என்பார். பிறகு மழை உண்டா, கல்யாணம் எப்போது என்று பேச்சு திரும்பிவிடும். அத்தனை வருடத்தில் ஒரு விபத்துக்கும் அண்ணன் யாரையும் என்கவுன்டர் பண்ணச் சொன்னதில்லை.

2

பத்து நாளில் எங்கள் கட்டடம் வேறு கட்டடமாகிவிட்டது. எட்டு வருடம் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் படியில் புன்னகைத்துக் கடந்தவர்கள், ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். நல்ல விஷயம்தான் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள், குப்பைத் தொட்டியருகே நின்று போன் பேசிய ஒருவரைப் படம்பிடித்துப் போட்டு, இவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக்குச் சோபா இறக்க வந்தவர் அவர்.

குத்தியவரும் இறந்தவரும் ஒன்றாகத் தொழில் செய்து பிரிந்தவர்கள், நெடுநாள் தகராறு என்று மூன்றாம் நாளே செய்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. தெரிந்தவரைத் தெரிந்தவர் கொன்றார் என்பதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? முகம் தெரியாத ஒருவன் வருவான் என்றால் கதவைச் சாத்தலாம், கேமரா வைக்கலாம், மனுப் போடலாம். ஜாமீன் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லி ஒரு மனு குழுவில் வந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஜாமீனில் விடக்கூடாது என்பது அதில் ஐந்தாவது கோரிக்கை. இங்கே கொலை செய்தவருக்கு வயது நாற்பத்தாறு. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்கு முதலில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், அந்தக் கணக்கின் கடவுச்சொல் எனக்கு இரண்டு முறை மறந்துவிட்டது. என் பெயர் இன்னும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் மகள் கயலுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்களோடு தமிழில் தொடங்கி, கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அந்த வாரம் முழுக்க ஆங்கிலம்தான்.

"அம்மா நேற்று என் நண்பனைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார்கள், அப்பா. அம்மாவைப் பார்த்து அவன் கை காட்டியிருக்கிறான்."

"எனக்கு என்ன தெரியும்? நெட்டையா இருந்தான், முதுகுல என்னமோ வச்சிருந்தான்" என்றாள் முத்துமாரி.

"அது கிட்டார்!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் பூட்டு வேண்டாம் என்கிறீர்களாமே. ஜாமீன் மனுவுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பூட்டு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால் அவள் அம்மாவின் வலது கையிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வழவழப்பாக இருக்கும். முறுக்குச் சுடும்போது எண்ணெய் கொட்டியது என்று முத்துமாரி சின்ன வயதிலேயே கயலிடம் சொல்லிவிட்டாள். நான் மறுத்துச் சொன்னதில்லை. எங்களுக்குள்ளும் அதைப் பற்றிப் பேசி பதினெட்டு வருடம் ஆகிறது.

3

அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. முத்துமாரி அங்கேயே பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்தாள். கயலுக்கு அப்போது ஒரு வயது.

வெளியூர்க்காரர்கள் கம்பெனி என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கம்பெனி, பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய ஆறு சின்ன ரூம்கள். ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் திறந்தே இருக்க வேண்டும். புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால், மருந்தைத் தொடவிடுமுன் நான் சொல்லித்தருவது இதைத்தான்: உன் வாசல் இது, அவள் வாசல் அது, சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உன் வாசல் வழியாக ஓடு, திரும்பிப் பார்க்காதே. உட்காரும் இடத்தை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளக்கூட விடமாட்டேன். முத்துமாரிக்கு முன்வாசல். அவளைவிடப் பத்து வயது மூத்த பேச்சியம்மாவுக்குப் பின்வாசல்.

அந்த வருடம் சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில், எங்களுக்கு அடுத்திருந்த கம்பெனியில் ஒரு கொலை நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பின்பக்கத்துக் கருவேலங்காட்டு வழியாக ஒருவன் வந்து, அங்கே வேலைபார்த்த ஒரு பெண்ணை வெட்டிவிட்டுப் போய்விட்டான். அவள் கொழுந்தன்தான், நிலத் தகராறு. அன்று மாலையே சரணடைந்துவிட்டான். ஆனால் கருவேலங்காடு அங்கேதானே இருந்தது. மறுநாளிலிருந்து பெண்கள் காட்டையே பார்த்துக்கொண்டு மருந்து செலுத்தினார்கள். ஆடு அசைந்தால் எழுந்து ஓடினார்கள். மருந்து ரூமில் அதைப்போல ஆபத்து வேறு கிடையாது.

காட்டை வெட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டோம். பக்கத்துக்காரர் இடம், பார்க்கலாம் என்றார். ரோந்து கேட்டு மனுக் கொடுத்தோம். இரண்டு நாள் ஒரு ஜீப் வந்து போனது. பிறகுதான் முத்துமாரி எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பின்கதவுக்கு உள்ளுக்குள்ள ஒரு தாப்பா போட்டுத் தாங்க. இல்லாட்டி நாங்க நாளைக்கு வரல."

விதி எனக்கு மனப்பாடம். சொன்னேன். "விதி எளுதுனவரா அங்கன உக்காந்திருக்காரு?" என்று கேட்டாள்.

பேச்சியம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "அடியே மாரி, அது என் வாசல்டி. அதச் சாத்திப்புட்டா நான் எங்கிட்டு ஓட?" என்றாள்.

"என் வாசல்ல வாங்கக்கா. ரெண்டு பேரும் இடிச்சுக்கிட்டு ஓடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பயம் போய்விடும், கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். முதலாளி, "பொம்பளைக கேக்காக, போட்டுக் குடுத்துரு" என்றார். சிவகாசியில் ஆறு தாழ்ப்பாள் வாங்கி, ஆளைக் கூப்பிடாமல் நானே திருப்புளி பிடித்து மாட்டினேன். பெண்கள் முகத்தில் அன்று வந்த நிம்மதியை இப்போதும் சொல்ல முடியும். ஆர்டர் தடைபடாமல் லோடு ஏறியது. முதலாளி என் முதுகில் தட்டினார்.

4

இருபத்து மூன்று நாள் கழித்து அந்த ரூமில் தீப்பிடித்தது. உரசலில் பிடித்தது என்று பிறகு அறிக்கையில் எழுதினார்கள். அது உண்மைதான்.

முன்வாசல் பக்கத்திலிருந்த மற்ற இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். முத்துமாரியும் வாசலைத் தாண்டிவிட்டாள். பேச்சியம்மா தன் வாசலுக்கு ஓடினாள். பல வருடம் நான் சொல்லிக் கொடுத்ததை அவள் கால்கள் செய்தன. முத்துமாரி அப்போது திரும்பிப் பார்த்தாள், பார்க்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தும். அக்கா அக்கா என்று கத்திக்கொண்டு உள்ளே கையை நீட்டினாள். யாரோ அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

பேச்சியம்மா அங்கேயே போய்விட்டாள்.

நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மிஷின் பழகினேன். அது மஸ்கட்டுக்குக் கொண்டுபோனது, பிறகு இங்கே. குடிபெயரக் காரணம் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் வேலைவாய்ப்பு என்று எழுதினேன்.

5

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் முத்துமாரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாளைக்கு நான் எழுந்து பேசப்போகிறேன் என்றேன்.

"என்னத்தப் பேசப் போறீக?"

"உள்பக்கமும் சாவி இருந்தாத்தான் திறக்குமாம். கதவுல கண்ணாடி இருக்கு, ஒடச்சுக் கைய விட்டுத் தொறந்துருவாகன்னு. தீப்பிடிச்சா சாவியத் தேடிக்கிட்டா நிப்பாக? நகராட்சிக்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள மாட்டிருவோம்னு குடியிருப்புச் செயலாளர் சொல்றாரு."

"போடட்டும்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நீயா சொல்லுத?"

"அங்கன மருந்து இருந்துச்சு. இங்கன என்ன இருக்கு? சோறாக்குற அடுப்புகூட கரண்டு." கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க. காருக்குப் போகையில முதுகு கூசுது. நான் பயப்படவே கூடாதா? அன்னைக்குப் பயந்ததுக்குத்தான் இத்தன வருசமா..."

கீரையை மறுபடி கையில் எடுத்தாள். அவளுக்கு என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை. போடச் சொன்னது அவள், போட்டது நான். இதில் ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எண்ணெய்ச் சட்டி.

6

கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் கூடத்தில் கூட்டம். பதினோரு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். கயலும் வந்தாள், என் வாயை அடைக்கவோ துணை நிற்கவோ, எதற்கென்று சொல்லவில்லை.

நான் பேசினேன். தீ விதிகளைச் சொன்னேன். ஆங்கிலத்தில் பேசும்போது நான் எப்போதும் ஒரு படிவம் பேசுவதுபோல் பேசுவேன். செயலாளர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் எட்டு மாதமாக எரியாத விளக்கைப் பற்றி ஒருவர் கேட்டார். அது கடைக்காரர்கள் பொறுப்பு, எழுதியிருக்கிறோம் என்றார். எனக்குக் கருவேலங்காடு ஞாபகம் வந்தது.

மார்கரெட் அம்மாவுக்கு எண்பது வயது. தனியாக இருக்கிறார், வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அவர் வீடு பின்வாசலை ஒட்டியது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிழல் அசைந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது" என்றார். பிறகு, "ஆனால் தீ என்றால் நான் எப்படிப் போவது? முன்வாசலுக்குப் பத்துப் படி ஏறி இறங்க வேண்டுமே" என்று கேட்டார்.

முதல் மாடி இளைஞர், நல்ல பையன், சொன்னார்: "எங்கள் பக்கம் வாருங்கள் மார்கரெட். நான் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடுகிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்கரெட்டும் சிரித்தார்.

முத்துமாரி எழுந்துவிட்டாள். இந்த நாட்டில் அவள் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் "ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கயலைப் பார்த்து, "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒண்ணும் விடாத" என்றாள்.

கயல் குழம்பிப்போய் எழுந்து பக்கத்தில் நின்றாள்.

"எங்க ஊர்ல நான் பட்டாசு வேல பாத்தேன். பக்கத்துல ஒரு கொலை நடந்துச்சு. எங்களுக்கெல்லாம் பயம்."

கயல் சொன்னாள். பட்டாசு வேலை என்பதை ஒருமுறை திரும்பக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பின்கதவுக்குத் தாப்பா போடணும்னு கேட்டோம். நான்தான் கேட்டேன்."

தாப்பா கயலுக்குத் தெரியவில்லை. முத்துமாரி காற்றில் கையை நகர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். கயல் தலையாட்டினாள்.

"ஒரு அக்கா கேட்டா, அது என் வாசலாச்சே, நான் எங்கிட்டு ஓடன்னு. என் வாசல்ல வாங்கன்னு சொன்னேன். சிரிச்சோம். இப்ப சிரிச்சோமே, அதே மாதிரி."

கயல் அதையும் சொல்லி முடித்தாள்.

"தீப்பிடிச்சப்ப அவுக என் வாசலுக்கு வரல. அவுக வாசலுக்குத்தான் போனாக. பயந்தா பழகுன பக்கந்தான் கால் போகும்." புடவைத் தலைப்பை விலக்கி வலது கையை நீட்டினாள். "இது எண்ணெய் இல்ல."

கயல் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, "சொல்லு தாயி" என்றாள். சொன்னாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

"எனக்கு இன்னும் பயந்தான். இவுக பயமும் எனக்குத் தெரியும். பூட்டு கேட்டா குடுத்துருவாக. அதுதான் லேசு. அதான் சொன்னேன்."

பூட்டு வேண்டும் என்று ஐந்து கை, வேண்டாம் என்று ஆறு. மார்கரெட் வேண்டும் என்றுதான் தூக்கினார். தூக்கும்போது முத்துமாரியைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்பதுபோல. முத்துமாரி அவரைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தாள். மறுநாள் போய் எங்கள் போன் நம்பரைப் பெரிதாக எழுதி அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தாள். விளக்கு இன்னும் எரியவில்லை.

7

வீட்டுக்கு வந்ததும் கயல் தமிழிலேயே கேட்டாள். அவள் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். அன்று பொறுமையாகத் தேடித் தேடிப் பேசினாள்.

"தாப்பா போட்டது யாரு?"

"நான்" என்றேன். முத்துமாரி கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. போடச் சொன்னது தான் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"போலீஸ், ஆபீசர்ஸ் எல்லாம் வந்திருப்பாங்கல்ல? அவங்க அதைப் பார்க்கலையா?"

முத்துமாரி காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த விஷயம் இது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும், பேச்சியம்மாவின் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்கும், இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எரிந்த ரூமின் கதவு எரிந்துபோயிற்று. மற்ற ஐந்து ரூம்களின் தாழ்ப்பாள்களை அன்று சாயங்காலம் நான் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. முதலாளிகூடச் சொல்லவில்லை. முத்துமாரியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போனேன். தாழ்ப்பாள்களைக் கிணற்றில் போட்டேன். மறுநாள் வந்த அதிகாரி ஒரு கதவிலிருந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்து இது என்ன என்றார். பழைய கதவு சார், வேறு எங்கோ போட்டிருந்தது என்றேன். பேச்சியம்மா பதற்றத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டதாக எழுதினார்கள். அவளுக்கு வழி நன்றாகத் தெரியும். அவள் வீட்டுக்காரரிடமும் வழி தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

இதையெல்லாம் கயலிடம் சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயல் என் பக்கத்திலிருந்து எழுந்து போகவில்லை.

முத்துமாரி காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தீக. நான் கண்ண மூடிக் கெடந்தேன். நீங்க குனிஞ்சு என்னையப் பாக்கும்போதெல்லாம் ஒங்க சட்டப் பையில ஸ்க்ரூ கலகலன்னு சத்தம் கேட்டுச்சு."